கேளுங்க, சொல்லுறன்: நெல் விளையிற ஊருக்குக் கப்பல் அரிசி வந்த கதை

போன மாசம் வாழைச்சேனையில இருந்து ஒரு வாசகர், "நம்மட வட்டையெல்லாம் நெல்லாக் கிடக்கு, கடைக்குப் போனா இறக்குமதி அரிசி, இது எப்ப தொடங்கின பழக்கம்" எண்டு கேட்டிருந்தார். நானும் இடமில்லாம ரெண்டு வரியில "வெள்ளைக்காரன்ட வியாபாரக் கொள்கையில தொடங்கினது" எண்டு எழுதிப்போட்டு விட்டுட்டன். அவ்வளவு சுருக்கி எழுதினது பிழை எண்டு பிறகுதான் விளங்கிச்சு, ஏனெண்டா அதுக்கு மேல கேட்டு அவ்வளவு கடிதம், வட்ஸ்அப்பிலயும் கேள்வி. இந்த மாசம் வேற ஒண்டும் எடுக்கல்ல, எல்லாம் இந்தக் கதைதான்.

கேள்வி: சேர், புத்தகத்தில 'வணிகவாதம்' எண்டு ஒரு சொல் வருது. பாடமாக்கி எழுதிருவன், ஆனா உண்மையில விளங்கல்ல. நம்ம ஊர்க் கதை ஒண்ட வச்சுச் சொல்லித் தருவீங்களா?
(உயர்தர வகுப்பு மாணவி, களுவாஞ்சிகுடி)

மகள், உங்கட அம்மம்மாவிட்டக் கேட்டா படுவான்கரையில முந்தி இருந்த போடியார்க் கடன் பத்திச் சொல்லுவா. வெள்ளாமை தொடங்கக் கையில காசில்லாத மனிசன் ஊர்ப் பெரிய காணிக்காரரான போடியாரிட்டப் போவான், விதைநெல்லு, சாப்பாட்டு நெல்லு, சீலை, உப்பு எல்லாத்தையும் கடனா எடுப்பான், சூடடிச்ச உடன நெல்ல அவருக்குத்தான் அளக்கணும், வெளிய ஒரு யாவாரி அவணத்துக்குக் கூடக் காசு தாறன் எண்டு களத்துக்கே வந்து நிண்டாலும் குடுக்க ஏலாது. எடுக்கிற சாமான்ட விலையும் போடியார் சொல்லுறது, குடுக்கிற நெல்லுட விலையும் போடியார் சொல்லுறது. நல்ல போடிமார் இருந்தாங்க, நான் இல்லெண்டு சொல்லல்ல, ஆனா ரெண்டு விலையும் ஒரு கையில இருந்தா மற்றக் கை எவ்வளவு பாடுபட்டாலும் மிச்சம் பிடிக்கிறது கஷ்டம். வணிகவாதம் எண்டா இதேதான், போடியார்ட இடத்தில ஒரு சாம்ராஜ்யத்தையும் வயல் செய்யிறவன்ட இடத்தில ஒரு கொலனியையும் வச்சுப் பாருங்க.

இங்கிலாந்து 1651இல கப்பலோட்டச் சட்டம் எண்டு ஒண்டு கொண்டு வந்தது. ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்காவில இருந்து வாற சாமான் இங்கிலாந்துக் கப்பலிலதான் வரணும் எண்டு. 1660இல அத இன்னும் இறுக்கி, கொலனியில விளையிற சீனி, புகையிலை, பருத்தி, அவுரி மாதிரிச் சாமான்கள வேற நாட்டுக்கு நேரா விக்கப்படாது, இங்கிலாந்துக்கு இல்லாட்டி அவங்கட இன்னொரு கொலனிக்குத்தான் அனுப்பணும் எண்டாங்க. வெளிநாட்டுக்காரன் கூட விலை தாறன் எண்டாலும் ஏலாது. நான் சொன்ன களத்து யாவாரிக் கதை இங்க வருதா? பிரான்சும் ஸ்பெயினும் தங்கட கொலனியள இதே மாதிரித்தான் கட்டி வச்சது, ஸ்பெயின் கனகாலம் செவில் எண்ட ஒரே துறையால மட்டும்தான் அமெரிக்க யாவாரத்த நடத்தினது.

1773 டிசம்பர் 16ஆந் திகதி இங்கிலாந்துட அமெரிக்கக் கொலனியில இருந்த பொஸ்டன் துறைமுகத்தில 342 பெட்டி தேயிலையக் கடலில கொட்டினதும் இதில வந்த கோபம்தான். அதில ஒரு விசயத்தக் கவனிங்க, அந்தத் தேயிலை மலிவானது. கிழக்கிந்தியக் கொம்பனி நேரடியா விக்கலாம் எண்டு சட்டம் போட்டதால விலை இறங்கித்தான் இருந்தது. சனம் கோபப்பட்டது விலைக்கு இல்ல, யாரிட்ட வாங்கணும், என்ன வரி கட்டணும் எண்டு தங்கள ஒரு வார்த்தை கேக்காம வேற இடத்தில முடிவெடுத்ததுக்குத்தான். கப்பலோட்டச் சட்டங்கள 1849இல எடுத்துட்டாங்க, அதுக்குள்ள இங்கிலாந்துட ஆலைகளோட போட்டி போட ஆளில்லாமப் போயிட்டு. பரீட்சையில வரைவிலக்கணத்த எழுதுங்க, அதுக்குக் கீழ போடியார்க் கதையையும் நாலு வரியில எழுதினா புள்ளி குறையாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

கேள்வி: எங்கட பக்கம் கறுவா விளையிறதில்ல. கறுவாவுக்காக வந்த ஒல்லாந்தர் மட்டக்களப்பில ஏன் கோட்டை பிடிச்சாங்க?
(புளியந்தீவு)

நல்ல கேள்வி, நான் சின்ன வயசில கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, அப்பாவோட போகக்குள்ள, கோட்டைக்குள்ள நிண்டு இதத்தான் யோசிச்சிருக்கன்.

கறுவா விளைஞ்சது மேற்கிலயும் தெற்கிலயும். ஆனா 1602 மே கடைசியில யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் எண்ட ஒல்லாந்தத் தளபதி வந்து இறங்கினது நம்மட மட்டக்களப்பில. ஏனெண்டா கொழும்பு, காலி எல்லாம் போர்த்துக்கேயரிட்ட இருந்தது, கண்டி ராசாவுக்குக் கடலப் பாக்க மிச்சமிருந்த வாசல் கிழக்குத்தான். ஸ்பில்பேர்கன் இங்க இருந்துதான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனக் கண்டது. அந்த வாசலையும் அடைக்கத்தான் போர்த்துக்கேயர் 1628இல இங்க கோட்டை கட்டினாங்க. பத்து வருசத்தில, 1638 மே மாசம், ஒல்லாந்தர் வந்து அதப் பிடிச்சாங்க, பிடிச்ச கையோட இரண்டாம் இராசசிங்கனோட ஒப்பந்தமும் இங்கயே வச்சு எழுதினாங்க. போர்த்துக்கேயரத் துரத்தித் தாறம், செலவுக்குக் கறுவாவும் யாவாரத் தனியுரிமையும் தாங்க எண்டு. பிடிக்கிற கோட்டையில படைய வைக்கிறத்துக்கு "ராசா விரும்பினால்" எண்டு ராசாட பக்கத்துப் பிரதியில ஒரு சொல் இருந்தது, ஒல்லாந்தர்ட பிரதியில அந்தச் சொல் இல்ல. ஒரே ஒரு சொல். சிங்களச் சனம் இஞ்சியக் குடுத்து மிளகாய வாங்கின கதை எண்டு இண்டைக்கும் சொல்லுறது இதத்தான்.

அதுக்குப் பிறகு ஒல்லாந்தக் கொம்பனி செஞ்சத விளங்கிக்கணும். அவங்களுக்குக் கறுவா கூட விளையணும் எண்டு இல்ல, ஐரோப்பாவில கறுவா *தங்கட கையால மட்டும்* வரணும், விலை இறங்கப்படாது. அதுக்காண்டி அனுமதியில்லாமக் கறுவா உரிச்சா, வித்தா, மரத்த வெட்டினா மரணதண்டனை வரைக்கும் சட்டம் போட்டாங்க. உன்ட காணியில தன்பாட்டில முளைச்ச கறுவாக் கண்டையும் நீ தொட ஏலாது. உரிக்கிற வேலைக்கெண்டு இருந்த சலாகம எண்ட சாதி ஆக்களுக்கு ஆளுக்கு இவ்வளவு எண்டு கணக்கு, அது சம்பளத்துக்குச் செய்யிற வேலை இல்ல, கட்டாய ஊழியம். இவ்வளவையும் செஞ்சு கொண்டுபோனதில மிஞ்சிப்போன வாசனைச் சரக்க, விலை விழுந்திரும் எண்டு ஆம்ஸ்ரடாமில வச்சு எரிச்சிருக்கிறாங்க. இங்க ஒருத்தன் காட்டுக்குள்ள அட்டை கடிக்க உரிச்ச பட்டை அங்க சாம்பலாப் போயிருக்கு, அத வாசிக்கக்குள்ள எனக்கு இண்டைக்கும் நெஞ்சு பொறுக்கிறதில்ல.

இப்ப மட்டக்களப்புக்கு வாறன். கறுவா இல்லாத இந்தக் கரைய ஒல்லாந்தர் பிடிச்சது விளைச்சலுக்கு இல்ல, *பூட்டுறத்துக்கு*. இடையில கோட்டை ராசாட கைக்குப் போனாலும் 1660களில திரும்ப வந்து பிடிச்சாங்க. மலைநாட்டில உப்பு இல்ல, கருவாடு இல்ல, சீலை இல்ல. இதெல்லாம் கிழக்குக் கரையில இருந்து தவளம் தவளமா, மாட்டு முதுகில பொதி ஏத்தி மேல போனது, பாக்கும் மெழுகும் மிளகும் கீழ வந்தது. இந்தத் தவள யாவாரத்தில நம்ம பக்கத்து முஸ்லிம் ஆக்களுக்குப் பெரிய பங்கு, அவங்கட முன்னோரில கனபேர் போர்த்துக்கேயர் விரட்ட, கண்டி ராசா செனரத் கொண்டுவந்து இங்க குடியேத்தினவங்கதான். துறையப் பூட்டினா ராசாட உப்புப் பானையும் பூட்டுப்படும். 1766 ஒப்பந்தத்தோட தீவச் சுத்தியிருந்த கரை முழுக்க ஒல்லாந்தர்ட கைக்குப் போயிட்டு, கண்டிக்குக் கடலே இல்லாமப் போச்சு.

கேள்வி: நான் நாப்பது வருசம் வெள்ளாமை செஞ்ச ஆள், வயல் காரியம் பாக்கிற வட்டவிதானையாகவும் இருந்தன். நாம விளைவிச்ச நெல்லு களத்தில கிடக்கும், கொழும்புத் துறையில அரிசிக் கப்பல் நிக்கும். இதுக்கு வெள்ளைக்காரன்ட காலத்தில காரணம் எண்டு எழுதினீங்க. எப்படி? கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க.
(அக்கரைப்பற்று)

காக்கா, இதுக்கு விரிவாத்தான் சொல்லணும், ஏனெண்டா இது நெல்லில தொடங்கல்ல, கோப்பியில தொடங்கினது.

1835இல லண்டனில ஒரு வரி மாத்தம். அதுவரைக்கும் மேற்கிந்தியத் தீவுக் கோப்பிக்குப் பிரித்தானியாவில குறைஞ்ச வரி, நம்ம பக்கத்துக் கோப்பிக்குக் கூட வரி. ரெண்டையும் சமனாக்கினாங்க. அங்க அடிமை முறையும் முடிஞ்சு விளைச்சல் விழுந்திட்டு. அவ்வளவுதான், வெள்ளைக்காரத் துரைமார், கவர்மெண்ட் உத்தியோகத்தர் உட்பட, கண்டி மலைக்கு ஓடினாங்க காணி வாங்க. காணி எங்கால வரும்? 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரில்லாத நிலம் எல்லாம், உரித்து உறுதியக் காட்டாட்டி, முடிக்கு, அதாவது வெள்ளைக்கார அரசுக்குச் சொந்தம் எண்டு. சேனை செய்யிறவனுக்கு உறுதி எங்க? ஒரு வருசம் வெட்டி எரிச்சு குரக்கனும் சோளமும் போட்டுட்டு ஏழெட்டு வருசம் காட்டுக்கே விடுற நிலம் அது, பாக்கிறவனுக்குத் தரிசு மாதிரித்தான் தெரியும். கோப்பிக்கெண்டு போட்ட சட்டம், ஆனா தீவு முழுக்கச் செல்லும். நம்ம பக்கத்துச் சேனைக்காரனும் அண்டையில இருந்துதான் முடிக்காணியில அத்துமீறினவனாப் போனான்.

தோட்டத்தில வேலை செய்ய தமிழ்நாட்டில இருந்து சனத்தக் கூட்டி வந்தாங்க, மன்னார்க் கரையில இறங்கி காட்டால நடந்து போனதில செத்தவங்க எத்தினபேர் எண்டு சரியா எண்ணிச் சொல்ல ஆளில்ல. அந்தச் சனத்துக்குச் சோறு வேணும். இங்கதான் காக்கா உங்கட கேள்விக்கு விடை இரிக்கு. அக்கரைப்பற்று நெல்லையும் சம்மாந்துறை நெல்லையும் மலைக்கு ஏத்தலாமா? றோட்டில்ல, றெயில் கோச்சி இல்ல. தோணியில ஏத்தித் தீவச் சுத்திக் கொண்டுபோகணும், வடகீழ்ப் பருவக்காத்துக் காலத்தில அதுவும் ஏலாது. ஆனா இந்தியாவில இருந்தும் பிறகு பர்மாவில இருந்தும் கப்பலில வாற அரிசி கொழும்பில இறங்கி, கோப்பி கீழ வந்த அதே வண்டியில திரும்பிப் போகக்குள்ள மேல போகும். கொழும்பு-கண்டி கோச்சிப் பாதை 1867இல முடிஞ்சது, கோப்பிக்காகப் போட்டது. மட்டக்களப்புக்குக் கோச்சி வந்தது 1928இல. அறுபத்தொரு வருச வித்தியாசம். கல்லடிப் பாலம் 1924. அதாவது, இந்தத் தீவுட நெல்லறை எண்டு சொல்லுற இடத்துக்கு றெயில் வரக்குள்ள நாட்டுக்குப் பாதிக்கு மேல சோறு வெளிய இருந்து வாற பழக்கம் ஊறிப்போச்சு.

அதோட வரி. இங்க விளையிற நெல்லுக்குப் பத்திலொண்டு வரி. அத அறவிடுற உரிமைய கவர்மெண்ட் ஏலத்தில விக்கும், ஏலம் எடுத்தவன் களத்துக்கு வந்து நிப்பான், அவன் வராம நெல்ல அள்ள ஏலாது, மழை வருது எண்டாலும் ஏலாது. பிறகு 1878 சட்டத்தோட காசாக் கட்டு எண்டாங்க, விளைஞ்சாலும் விளையாட்டியும் காசு. காசில்லாதவன்ட காணி வித்துப்போகும். நுவரெலியா மாவட்டத்தில வலப்பனைப் பக்கம் 1880களில ஊர் ஊரா வயல் ஏலத்தில போய், சனம் பட்டினியில செத்த கதைய அங்க வேலைசெஞ்ச லெ மெசூரியர் எண்ட வெள்ளைக்கார உத்தியோகத்தரே வெளிய கொண்டுவந்தார். கடைசியா 1892இல அந்த வரிய எடுத்தாங்க. வெளிய இருந்து வாற அரிசிக்கும் வரி இருந்தது, அத எடுக்கல்ல, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா விதை, மாடு, கூலி எல்லாம் போட்டுட்டு மழையப் பாத்துக்கொண்டிருக்கிற நம்ம ஆள், பர்மாவில லட்சக்கணக்கான ஏக்கரில ஏத்துமதிக்கெண்டே விளையிற அரிசியோட எப்படி நிக்கிறது?

இடையில 1848 எண்டு ஒரு வருசம் இரிக்கு. பிரித்தானியா வெளிநாட்டுக் கோப்பிக்கும் வரியக் குறைச்சதோட ஐரோப்பாவில பணநெருக்கடியும் வர, 1847இல கோப்பி விலை விழுந்திட்டு. துரைமாரக் காப்பாத்த இலங்கையில கோப்பி ஏத்துமதி வரிய எடுத்தாங்க. கஜானாவில விழுந்த ஓட்டைய அடைக்க ஆளுநர் டொரிங்டன் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, அதுக்கு மேல வருசத்துக்கு ஆறு நாள் சும்மா றோட்டு வேலை, இல்லாட்டி அதுக்குக் காசு எண்டு போட்டார். மாத்தளையில கிளர்ச்சி வெடிச்சு இராணுவச் சட்டம் போட்டு ஆக்கள வரிசையில வச்சுச் சுட்டாங்க. லண்டனில ஒரு றாத்தல் கோப்பிட வரியில கை வைக்க, மாத்தளையில சேனை காக்கிற நாய்க்கு வரி வந்த கதை இது. எனக்கு இந்தப் பொருளில ஆசை வந்ததே இத வாசிச்ச நாளில இருந்துதான்.

1942இல யப்பான் பர்மாவப் பிடிக்க அரிசிக் கப்பல் நிண்டு போச்சு. எங்கட அம்மம்மா சாகும்வரைக்கும் அந்தக் காலத்த "கிழங்குக் காலம்" எண்டுதான் சொல்லுவா. அரிசிய அளந்து பங்கிட்டுக் குடுக்கிற கூப்பன் முறை அப்பதான் வந்தது. சுதந்திரம் கிடைச்சும் வயிறு அதே கப்பலத்தான் பாத்துக்கொண்டிருந்தது. 1952இல சீனாவோட றப்பர் குடுத்து அரிசி வாங்கிற ஒப்பந்தம் செய்ய வேண்டி வந்தது, அமெரிக்காட கோபத்தையும் பாக்காம. அடுத்த வருசம் கூப்பன் அரிசி விலைய 25 சதத்தில இருந்து 70 சதத்துக்கு ஏத்த, 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விட்டுப் போனார். அதுக்கு முதலே 1949இல கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கினதுக்கும் இந்த அரிசிப் பஞ்சம் ஒரு பெரிய காரணம். அந்தத் திட்டத்தில குடியேத்தம் நடந்த விதம் பத்தி எனக்குச் சொல்ல வேற கனக்க இரிக்கு, அத இன்னொரு மாசத்துக்கு வச்சுக்கிறன்.

கேள்வி: பர்மாக்காரனுக்காவது இதால லாபமா?
(ஏறாவூர்)

இல்ல தம்பி. கீழ்ப் பர்மாவ 1852இல பிடிச்ச பிறகு ஐராவதி ஆத்துட கழிமுகக் காட்ட வெட்டி வயலாக்கினாங்க, உலகத்திலயே பெரிய அரிசி ஏத்துமதி நாடாச்சு. வெட்ட, உழ, விதைக்கக் கடன் குடுத்தது நம்ம தமிழ் ஆக்கள், செட்டிநாட்டுச் செட்டியார்மார். 1930களில உலகம் முழுக்க விலை விழ, கடன் கட்ட ஏலாமல் முக்கிய நெல் மாவட்டங்களில கிட்டத்தட்டக் காற்பங்கு வயல்காணி செட்டியார் கைக்குப் போயிட்டு. அங்க வயல இழந்தவன் விளைவிச்ச அரிசிதான் இங்க மலிவா வந்து நம்ம வயலயும் பெறுமதியில்லாமச் செஞ்சது. ஜாவாவில ஒல்லாந்தர் 1830இல இருந்து செஞ்சது இன்னும் மோசம், ஊர் நிலத்தில அஞ்சிலொண்டில கோப்பி, சீனிக்கரும்பு, அவுரி போட்டு கவர்மெண்டுக்குக் குடு எண்டு. நெல் வயல்லயே கரும்பப் போட வச்சதில சில இடத்தில பஞ்சம் வந்தது.

கேள்வி: எங்கட உம்மா தறியில நெசவு செஞ்சு எங்க அஞ்சு பேரையும் வளத்தா. இப்ப அந்தத் தறி மூலையில கிடக்கு. நெசவு விழுந்ததும் வெள்ளைக்காரனாலதானா, இல்ல நாமளே செஞ்சதா?
(மருதமுனையில இருந்து ஒரு சகோதரி)

ரெண்டும் இரிக்கு சகோதரி, ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுறன்.

இந்தியச் சீலைய ஐரோப்பாவே ஆசைப்பட்டு உடுத்த காலம் ஒண்டு இருந்தது. கலிக்கோ எண்ட பேர் கோழிக்கோட்டில இருந்து போனது, நாம சீத்தை எண்டு சொல்லுற பூப்போட்ட துணியும் இந்தியாவில இருந்து அங்க போன சாமான்தான். இங்கிலாந்து நெசவாளர் சத்தம் போட, 1700லயும் 1721லயும் அச்சடிச்ச பருத்தித் துணிக்கு எதிராச் சட்டம் போட்டு அந்த மறைவில தங்கட ஆலைய வளத்தாங்க. ஆலை வளந்த பிறகு, 1813இல கிழக்கிந்தியக் கொம்பனிட தனியுரிமைய எடுத்துட்டு, மன்செஸ்டர்த் துணிய இந்தியாவுக்குள்ள மூண்டு நாலு வீத வரியோட அனுப்பினாங்க, அங்கால போற இந்தியத் துணிக்குப் பலமடங்கு வரி. 1896இல நடந்தது இன்னும் வெளிப்படை. இந்திய கவர்மெண்டுக்குக் காசு தேவைப்பட்டு 1894இல இறக்குமதித் துணிக்குப் போட்ட வரிய மூண்டரை வீதமாக்கக்குள்ள, மன்செஸ்டர்க்காரனுக்குக் குறை வந்திரப்படாது எண்டு இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூண்டரை வீதத்தப் போட்டாங்க. சொந்த நாட்டில நெஞ்ச துணிக்கு, வந்த துணியோட சமனா வரி. அத நிறுத்த 1925 ஆச்சு.

நம்ம நாட்டிலயும் இதுக்கு ஒரு ஆதாரம் இரிக்கு. 1932இல ஒட்டாவாவில கூடி சாம்ராஜ்யத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் சலுகை எண்டு முடிவெடுத்தாங்க. அதில நம்ம தேயிலைக்கு நன்மை வந்தது உண்மை, ஜாவாத் தேயிலைக்கு அங்க வரி கூட. ஆனா மற்றப் பக்கம்? அந்த நேரம் யப்பான் துணி மலிவு, பஞ்ச காலத்தில ஏழை சனம் உடுத்தது அதத்தான். மன்செஸ்டர்த் துணி விக்கிறத்துக்காக யப்பான் துணிக்கு அளவு கட்டச் சொன்னாங்க. 1931இல சர்வசன வாக்குரிமையோட வந்த அரசாங்க சபை ஏலாது எண்டது. 1934இல லண்டனில இருந்தே கட்டளை போட்டுக் கட்டினாங்க. வாக்குப் போட்டு ஆள அனுப்பலாம், ஆனா எந்தச் சாரனக் கட்டிறது எண்டு முடிவெடுக்க ஏலாது.

உங்கட உம்மாட தறி அதுக்குப் பிந்தின கதை. 1970க்கும் 77க்கும் இடையில இறக்குமதிய இறுக்கினதால மருதமுனை, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் இரவு பகலாத் தறிச் சத்தம். அந்தக் காலத்தில நான் பாணுக்குக் கியூவில நிண்டவன், விடிய நாலு மணிக்குப் போய் நிண்டும் முடிஞ்சுட்டு எண்டு வெறுங்கையோட வந்திருக்கன், அதால அந்த ஏழு வருசத்தப் பொற்காலம் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா தறிக்கு அது காலம்தான். 77க்குப் பிறகு ஒரேயடியாத் திறந்து விட்டாங்க, வெளிநாட்டுத் துணி வந்து குவிஞ்சது. அந்த முடிவ எடுத்தது நாம வாக்குப் போட்டு அனுப்பின ஆக்கள். திறந்ததில எனக்குக் கோபமில்ல, திறக்கக்குள்ள நூல் விலை, சாயம், சந்தை ஒண்டுக்கும் நெசவாளருக்கு ஒரு வழியும் காட்டாம விட்டதுதான் எனக்குக் கவலை. அந்தத் தறிய மட்டும் விறகாக்கிராதீங்க சகோதரி. மருதமுனைச் சாரனையும் சாரியையும் தேடி வாங்கிற ஆக்கள் இப்பவும் இரிக்கிறாங்க.

கேள்வி: எல்லாத்துக்கும் வெள்ளைக்காரனக் குறை சொல்லுறது லேசு. குளம் கட்டினான், றோட்டுப் போட்டான், பாலம் போட்டான். இல்லெண்டு சொல்லுவீங்களா?
(செங்கலடி)

சொல்ல மாட்டன் ஐயா. 1855இல இருந்து 60 வரைக்கும் ஆளுநரா இருந்த ஹென்றி வோட் மட்டக்களப்புக்கு வந்து பாத்து இறக்காமக் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் திருத்தினார், அதால விளைஞ்ச வயல் இண்டைக்கும் விளையிது. 1832, 33 அளவில கட்டாய ஊழியமான ராசகாரியத்தையும் கறுவாத் தனியுரிமையையும் எடுத்ததும் நல்லதுதான். ஆனா கறுவாவுல பாருங்க, தனியுரிமைய எடுத்த கையோட றாத்தலுக்கு மூண்டு சிலிங் ஏத்துமதி வரி போட்டாங்க, அந்த விலையில வாங்க ஆளில்லாம வெளிநாட்டு மலிவுப் பட்டை சந்தையப் பிடிச்சிட்டு. குளம் திருத்தினா நெல்லு கூட வரும், பத்திலொண்டு வரியும் கூட வரும், அதுவும் கணக்கில இருந்தது. வோட் நல்ல மனிசன் எண்டுதான் நான் நம்புறன். ஒரு நல்ல ஆளுநர் வந்தாத்தான் குளம், வராட்டி இல்ல எண்டு இருந்த நிலைமையத்தான் நான் குறை சொல்லுறன். அவருக்குப் பிறகு வந்தவங்க குளத்துக் காசையும் றோட்டுக்கும் கோச்சிக்கும் திருப்பினதால கனகாலம் வேலை நிண்டு போச்சு.

கேள்வி: இந்தக் காலத்து யாவாரத்தில இருந்து நம்ம பேச்சில மிஞ்சின சொல் ஏதும் இரிக்கா?
(பத்தாம் வகுப்பு மாணவன், திருக்கோவில்)

தம்பி, கனக்க இரிக்கு. காணியையும் அதுக்குரிய வரியையும் பதிஞ்ச தோம்பும், காணி வித்த ஏலமும் போர்த்துக்கேயச் சொல். அத எழுதின கந்தோரும், காசு போட்டுப் பூட்டின லாச்சியும் ஒல்லாந்தச் சொல். உங்கட வீட்டு லாச்சிக்குள்ள பழைய கூப்பன் புத்தகம், நெல் வித்த துண்டு ஏதும் கிடந்தா எறியாதீங்க, ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. 1942க்கு முந்தினது எண்டா நானே திருக்கோவிலுக்கு வந்து பாக்கிறன்.